ஞாயிற்றுக்கிழமை இல்லாத பள்ளிக்கூடம்

தவணை விடுமுறையை ஒரு நாள் பின்தள்ளிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுத் தவமணி சென்ற கிழமை வந்து என்னோடு சண்டை பிடித்தாள். தள்ளியது நான் அல்ல; நான் சென்ற வருஷமே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் இந்தச் சுருவில் ஊரில் வேறு யாரோடு சண்டை பிடிப்பது? அவளும் ஆசிரியை. தினமும் சைக்கிள் மிதித்து வேலணைக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருகிறவள்.

"ஒரு நாளை அங்கால தள்ளி இஞ்சால இழுத்து விளையாடினா நாங்கள் என்னெண்டு ரீச்சர் பாடத்தை முடிக்கிறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, உமக்கு ஒரு நாள்தான் போச்சுது. நெடுந்தீவில நாங்கள் வருசக்கணக்காய் ஞாயிற்றுக்கிழமையே இல்லாமல் பள்ளிக்கூடம் நடத்தினனாங்கள்" என்றேன். அவள் நம்பினாளோ தெரியாது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "அதை எழுதி வையுங்கோவன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எழுதுகிறேன். ஓய்வூதியக்காரிக்கு வேறு என்ன வேலை?

ஆசிரிய கலாசாலையில் கழித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பலகையில் நேராக எழுதவும், சத்தம் போடாமல் கோபப்படவும் சொல்லித்தந்தார்கள். முதலாவது கைவந்தது. சில பள்ளிக்கூடங்கள் சுற்றிய பிறகு நெடுந்தீவுக்கு மாற்றம் வந்தபோது அம்மா ஒப்பாரி வைக்காத குறை. குறிகட்டுவானில் மோட்டார் வள்ளம் ஏறி, போகும் வழியெல்லாம் வயிற்றில் இருந்ததைச் சத்தி எடுத்து, தீவில் இறங்கியபோது இரண்டு மட்டக்குதிரைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தன. கடற்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகளும், வேலிகளுக்கு நடுவே பிள்ளைகளும், பள்ளிக்கூடத்துக்குள் செல்லையா மாஸ்டரும் இருந்தார்கள்.

செல்லையா மாஸ்டர்தான் தலைமை ஆசிரியர். கஞ்சி போட்ட வேட்டி, கக்கத்தில் பஞ்சாங்கம், வாயில் எந்நேரமும் "ஒழுங்கு". பள்ளிக்கூட மணியை வேறு ஒருவரும் தொட ஏலாது. தானே அடிப்பார், அடித்த பிறகு சரியாக அடித்தேனா என்று தன் கைக்கடிகாரத்தையும் பார்ப்பார். யாராவது பிள்ளை பிந்தி வந்தால் அடிக்க மாட்டார். "தம்பி, சூரியன் உமக்காக நிண்டதோ?" என்று கேட்பார். பிள்ளை இல்லை என்று சொல்லும்வரை விடமாட்டார். நல்ல மனிதர், சத்தியமாகச் சொல்கிறேன், ஆனால் அவரோடு வேலை செய்கிறவர்களுக்குத் தலையிடி.

சிங்களம் அரசகரும மொழியான பிறகு உத்தியோகத்தர்கள் எல்லாரும் சிங்களச் சோதனை எழுத வேண்டியிருந்ததல்லவா? மாஸ்டரும் எழுதினார். கையெழுத்து மணிமணியாக இருக்கும். கருத்து ஒன்றும் ஏறவில்லை. மேலிடத்திலிருந்து சிங்களத்தில் சுற்றறிக்கை வந்தால் அதை அழகாகப் பிரதி செய்து அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுவார். என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பிறகு தமிழ்ப் பிரதி வரும். வந்து பார்த்தால் சொன்ன காரியத்துக்கான திகதி எப்போதோ முடிந்திருக்கும்.

அப்படி ஒருமுறை நாங்கள் அழகு பார்த்துக்கொண்டிருந்த ஒரு சுற்றறிக்கையில்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை போயிருந்தது. அறுபத்தாறாம் ஆண்டு பிறந்ததும் நாடு முழுவதற்கும் சனி, ஞாயிறு லீவு இல்லை என்றாகிவிட்டது. இனிமேல் போயா நாள்தான் லீவு. அமாவாசை, பறுவம் என்கிற பௌர்ணமி, இடையில் வரும் இரண்டு அட்டமி, ஒவ்வொன்றுக்கும் முதல்நாள் சேர்த்து. சந்திரன் என்ன கந்தோர் உத்தியோகத்தரா, நேரத்துக்கு வந்து போக? ஒரு கிழமைக்கு ஏழு நாள் வரும், அடுத்த கிழமைக்கு எட்டு நாள் வரும், அபூர்வமாக ஆறு நாளும் வரும்.

மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். சுவரில் தொங்கிய நேரசூசி மட்டையில் திங்கள், செவ்வாய் என்றிருந்த பெயர்களை வெட்டி எறிந்துவிட்டு முதலாம் நாள், இரண்டாம் நாள் என்று ஒட்டினார். காலையில் அதன் கீழே நின்று, "இண்டைக்கு நாலாம் நாள்" என்று அறிவிப்பார். கிழமை கட்டையாகிப்போனால் ஐந்தாம் நாளின் கணக்குப் பாடம் அப்படியே காணாமற்போகும். பிள்ளைகள் அதற்காகக் கோயிலில் கற்பூரம் கொளுத்தியதும் உண்டு. கிழமை நீண்டுவிட்டால் ஆறாம் நாள் ஒன்று வரும். அதற்கு நேரசூசியில் பாடமே இல்லை. மாஸ்டர் இரண்டு இரவு யோசித்து "தோட்டம்" என்று எழுதினார். எங்கள் வளவில் கல்லைத் தவிர ஒன்றும் முளைக்காது. ஆகவே பிள்ளைகள் கிழக்கு வேலியடியில் கிடந்த கல்லை மேற்கு வேலியடிக்குச் சுமந்தார்கள். அடுத்த ஆறாம் நாள் வந்தபோது திரும்பக் கிழக்குக்குச் சுமந்தார்கள்.

ஞாயிறு வேலைநாளானதால் வேதக்காரப் பிள்ளைகள் மாதா கோயிலில் பூசை முடிந்துதான் வருவார்கள். மாஸ்டர் பங்குச் சாமியாரிடம் போய்ப் பேசி, ஞாயிறுகளில் பூசை முடிந்த பிறகு மணி அடிப்பதென்று ஒழுங்கு செய்தார். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குப் பிரசங்கத்தில் வந்த பக்தியைச் சொல்லி முடியாது. நீளமாகப் பிரசங்கம் வைக்கச் சொல்லிச் சாமியாரைக் கெஞ்சுவார்களாம். சைவப் பிள்ளைகளும் இரண்டொருவர் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கேட்டதாகக் கேள்வி.

சரி, இனிக் கதைக்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு வரைதான். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் கடல் தாண்டிப் போய் யாழ்ப்பாணத்திலோ ஊர்காவற்றுறையிலோ தங்க வேண்டும். பெடியன்கள் சிலர் போனார்கள். பெட்டைகள் போகவே மாட்டார்கள். பிலோமினா என்று ஒரு பிள்ளை இருந்தாள். ஒன்பதாம் வகுப்பில் அவள்தான் முதல். தகப்பன் அந்தோனியண்ணை கடற்றொழிலாளி, பெரிய மீசை, அதைவிடப் பெரிய பிடிவாதம். "இஞ்ச பத்தாம் வகுப்பு வந்தாப் படிக்கட்டும். வராட்டி குசினிக்கை இருக்கட்டும். நான் என்ர பெட்டையைக் கடல் தாண்டி விடமாட்டன்" என்று என்னிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மச்சான் முறையில் ஒருத்தனையும் பார்த்து வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை என்னைக் காணும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

பத்தாம் வகுப்புத் திறக்க அனுமதி தருகிறவர், பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் வித்தியாதரிசி. அவர் தாமே வந்து, அந்த வகுப்புக்குக் குறைந்தது பதினைந்து பிள்ளைகள் இருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தால் அந்த வருஷமே வகுப்பு. பார்க்காவிட்டால் அடுத்த வருஷந்தான், அதற்குள் பிலோமினாவின் கழுத்தில் தாலி ஏறிவிடும். மார்கழிக் கடைசியில் அவரிடமிருந்து தகவல் வந்தது: தை மாதத்து முதல் அட்டமிப் போயா கழிந்து வரும் வேலைநாளில் வருவார். திகதி போட்டால் குறைந்தா போய்விடும்? அப்போது கந்தோர்க்காரர் எல்லாருக்கும் போயாவால் நாள் சொல்வது ஒரு நாகரிகமாக இருந்தது.

அந்தத் தையில் வாடைக்காற்று பேயாய் அடித்தது. வள்ளம் ஓடவில்லை. தபாலும் இல்லை, புதுவருஷத்துக் கலண்டரும் இல்லை, எது எது போயா என்ற அரசாங்கப் பட்டியலும் வரவில்லை. மாஸ்டர் அசையவில்லை. கக்கத்திலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து மேசையில் வைத்தார். அங்கேதான் பிழை வந்தது. யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு என்பது எல்லாருக்கும் தெரியும், வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. கணிக்கும் விதம் வேறு, சில திதிகள் ஒன்றில் இன்றைக்கென்றால் மற்றதில் நாளைக்கு. மாஸ்டர் பரம்பரையாக வாக்கியம். பூமிசாத்திரம் படிப்பித்த கந்தப்பு மாஸ்டர் பரம்பரையாகத் திருக்கணிதம். இருவருக்கும் தீபாவளியே ஒருமுறை வெவ்வேறு நாளில் வந்தது.

"அட்டமி திங்கட்கிழமை. ஆனபடியால் வித்தியாதரிசி வாறது செவ்வாய்" என்றார் செல்லையா மாஸ்டர்.

"அட்டமி ஞாயிறெல்லோ? அவர் திங்களே வந்து நிக்கப்போறார்" என்றார் கந்தப்பு மாஸ்டர்.

"உம்மட புத்தகத்தைத் தூக்கி அலுமாரிக்கை வையும்."

"உங்கட கணக்குப்படி பார்த்தா சந்திரன் ஒரு நாள் வழியில நிண்டு இளைப்பாறியெல்லோ வாறார்!"

"றேடியோவில சொல்லுவாங்கள், கேட்பமே?" என்று நான் இடையில் விழுந்தேன்.

"றேடியோக்காரன் சொல்லியோ நான் பள்ளிக்கூடம் நடத்துறது?" என்றார் மாஸ்டர். எப்படியும் தீவில் இருந்த றேடியோக்களுக்கெல்லாம் பற்றறி செத்திருந்தது.

அவருக்கு அந்தப் பத்தாம் வகுப்பில் ஆசை இல்லாமல் இல்லை. எங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் ஆசை கூட. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். செவ்வாய்க்கிழமை வெள்ளை உடுப்போடு, தலை வாரி, நகம் வெட்டி வரவேண்டுமென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகச் சொன்னார். ஞாயிறும் திங்களும் பள்ளிக்கூடம் இல்லை என்று அறிவித்தார்.

திங்கட்கிழமை காலையில் காற்று ஓய்ந்து கடல் அடங்கியிருந்தது. நான் தங்கியிருந்த வீடு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில். பூட்டிக் கிடக்க வேண்டிய பள்ளிக்கூடத்திலிருந்து, "மகாவலி கங்கை எங்கே உற்பத்தியாகிறது?" என்று பெருங்குரல் ஒன்று கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். கந்தப்பு மாஸ்டர் வெறும் வாங்குகளுக்கு இலங்கையின் ஆறுகளைப் படிப்பித்துக்கொண்டு நின்றார். ஜன்னலால் ஒரு மட்டக்குதிரை தலையை நீட்டியிருந்தது.

"என்ன மாஸ்டர் இது?"

"இண்டைக்கு வேலைநாள். நான் வேலை செய்யிறன். பேர் கூப்பிட்டுப் பார்த்தனான், ஒருத்தரும் வரேல்லை. எல்லாருக்கும் வரவில்லை எண்டு போட்டிருக்கிறன்."

அதற்குள் வாசலில் முழங்கால் வரை நனைந்த ஒரு நெடிய மனிதர் வந்து நின்றார். ஒரு கையில் சப்பாத்து, மறுகையில் தோற்பை. முகம் பச்சையாக இருந்தது, கடல் அவரையும் விடவில்லை.

"இஞ்ச பள்ளிக்கூடம் நடக்கேல்லையோ?" என்றார் வித்தியாதரிசி.

"நடக்குது சேர். நான் இருக்கிறன்" என்றார் கந்தப்பு மாஸ்டர்.

"பிள்ளையள்?"

"பிள்ளையளுக்கு நாளைக்குத்தான் இண்டைக்கு."

அந்த மனிதர் மெல்ல ஒரு வாங்கில் இருந்தார். மத்தியானம் திரும்பும் வள்ளத்தில் தாம் போயாக வேண்டும் என்றும், நாளைக்கு வேறு தீவில் வேலை என்றும், இந்த வருஷத்துக்கு இனி இந்தப் பக்கம் வர ஏலாது என்றும் சொன்னார். அப்போதுதான் பிலோமினா குடத்தோடு வளவுக்குள் வந்தாள். அந்தப் பக்கத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு பள்ளிக்கூடத்துக் கிணறுதான். அவள் அந்தச் சப்பாத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை.

"ஓடு பிள்ளை! ஒருத்தரையும் விடாதை!" என்று கத்தினேன்.

குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஒழுங்கையால் போகவில்லை, கல்வேலிகளுக்கு மேலால் பாய்ந்து பாய்ந்து போனாள். சிறிது நேரத்தில் வரத் தொடங்கினார்கள். ஐயோ, அந்த வரவு! ஒருத்தன் தலையில் எண்ணெய் வழிய, ஒருத்தி இடுப்பில் தம்பியோடு. ஒருத்தன் அவித்த பனங்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே வந்து நின்றான். கயிற்றை அவிழ்க்க நேரமில்லையென்று ஆட்டையும் இழுத்துக்கொண்டு வந்தான் இன்னொருத்தன். வெள்ளை உடுப்பாவது நகமாவது! எண்ணினால் பிலோமினாவோடு பதினான்கு. பதினைந்தாமவன் தமக்கையின் கலியாணத்துக்கு ஊர்காவற்றுறைக்குப் போனவன், காற்றில் அகப்பட்டு அங்கேயே நின்றுவிட்டான்.

"பதினைஞ்சு, சேர்" என்றாள் பிலோமினா, மூச்சு வாங்கியபடி.

"இடுப்பில இருக்கிறவரைச் சேர்க்க ஏலாது, பிள்ளை."

அந்த நேரம் பார்த்து வாசலில் இடி இடித்தது. "எடியே பிலோமினா! தண்ணிக்கு வந்தவள் எங்கையடி போய்த் துலைஞ்சாய்?" அந்தோனியண்ணை. வலை பொத்துகிற ஊசி காதில் செருகியபடி இருந்தது. எனக்கு அந்த நேரம் என்ன பிடித்ததோ தெரியாது. "அந்தோனியண்ணை, சத்தம் போடாமல் போய் அந்தப் பின்வாங்கில இருங்கோ!" என்றேன். ரீச்சர் இரு என்றால் இருக்கிற பழக்கம் அந்த மனிதருக்கு எங்கேயோ உள்ளே கிடந்திருக்கிறது. போய் இருந்துவிட்டார். வாங்கு கிறீச்சிட்டது.

வித்தியாதரிசி அவருடைய மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வகுப்பிடம் ஒரு கேள்வி கேட்டார். சுலபமான கேள்வி கேட்பதாகத்தான் நினைத்திருப்பார், பாவம்.

"ஒரு கிழமைக்கு எத்தனை நாள்?"

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். பிறகு ஒருத்தன், "ஏழு" என்றான். "எட்டு" என்றாள் ஒருத்தி. "ஆறும் வாறது, சேர், அப்ப கணக்குப் பாடம் இல்லை" என்றான் பனங்கிழங்குக்காரன். பின்வாங்கிலிருந்து கை ஒன்று உயர்ந்தது.

"முந்தி ஏழு நாள், ஐயா. ஞாயிறை அரசாங்கம் எடுத்துப்போட்டுது."

வித்தியாதரிசி கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அந்த அளவில் செல்லையா மாஸ்டர் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். முழுகிய தலையில் நீர் சொட்ட, கக்கத்தில் பஞ்சாங்கத்தோடு வந்து, வகுப்பைப் பார்த்தார். ஆட்டையும் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

"என்ன ஒழுங்கு இது! போயா நாளில ஆர் உங்களைப் பள்ளிக்கூடம் வரச் சொன்னது? எழும்புங்கோ! எல்லாரும் வீட்டை போய் நாளைக்கு வெள்ளை உடுப்போட வாங்கோ!" பிறகு வித்தியாதரிசியின் பக்கம் திரும்பி, மிகவும் பணிவாக, "சேர், நீங்கள் ஒரு நாள் முந்தி வந்திட்டியள். குறை நினையாதையுங்கோ, நாளைக்கு வாருங்கோ" என்றார்.

வித்தியாதரிசி பதில் சொல்ல முன்னரே பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். மாஸ்டர் எழும்பு என்றால் எழும்பித்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கம். வாங்குகள் ஒவ்வொன்றாக வெறுமையாகின. பிலோமினா மட்டும் எழும்பி நின்றபடி அழுதாள், சத்தமில்லாமல். எனக்கு மாஸ்டரின் பஞ்சாங்கத்தைப் பறித்துக் கிணற்றில் போட வேண்டும் போல் இருந்தது.

"அந்தோனி, உமக்கு வேறயாய்ச் சொல்லவேணுமோ? எழும்பும்" என்றார் மாஸ்டர்.

அந்தோனியண்ணை எழும்பவில்லை. மகளைப் பார்த்தார். காதிலிருந்த ஊசியை எடுத்து மேசையில் வைத்தார்.

"மாஸ்டர், என்னைப் பள்ளிக்கூடத்தால எழுப்புறது இது ரெண்டாந்தரம். அஞ்சாம் வகுப்பில, வலை இழுக்க ஆள் காணாதெண்டு அப்பு வந்து எழுப்பினவர். அண்டைக்கு எழும்பிப் போனனான்." வாங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இண்டைக்கு எழும்பமாட்டன். போயா எண்டாலும் சரி, பொங்கல் எண்டாலும் சரி. ஐயா, என்னையும் எண்ணுங்கோ."

வாசல்வரை போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வந்து இருந்தாள். பிறகு எல்லாரும் வந்து இருந்தார்கள். தன் சொல்லைப் பிள்ளைகள் மீறியதை மாஸ்டர் முதன்முறையாகக் கண்டார். கோபப்படுவாரென்று நினைத்தேன். பஞ்சாங்கத்தை ஒரு கக்கத்திலிருந்து மற்றக் கக்கத்துக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

வித்தியாதரிசி சப்பாத்தை மாட்டிக்கொண்டு எழும்பினார். "மாஸ்டர், உங்கட கணக்குப்படி இண்டைக்கு லீவு. லீவு நாளிலயும் பள்ளிக்கூடம் வாற பிள்ளையளுக்கு வகுப்புக் குடுக்காமல் வேற ஆருக்குக் குடுக்கிறது? என்ர கணக்குப்படி வேலைநாள். வேலைநாளில வகுப்பு நிறைஞ்சிருக்கு. நான் என்ன செய்யவேணும் எண்டு நீங்களே சொல்லுங்கோ" என்றார். பிறகு பின்வாங்குக்குப் போனார். "அண்ணை, உங்களை எண்ண ஏலாது. சட்டத்தில இடமில்லை. ஆனா பிள்ளையை இடையில நிப்பாட்டமாட்டன் எண்டு சொல்லுங்கோ, அவளை ரெண்டாய் எண்ணுறன்."

"நிப்பாட்டமாட்டன்" என்றார் அந்தோனியண்ணை. பிறகு, சத்தம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, தீவே கேட்கும்படி இன்னொருமுறை சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். கந்தப்பு மாஸ்டர் மட்டும், "நான் முதலே சொன்னனான், அட்டமி ஞாயிறெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மாசி மாதம் பத்தாம் வகுப்புத் திறந்தது. மாஸ்டரே வகுப்பாசிரியர். கலியாணத்துக்குப் போனவனும் வந்து சேர்ந்தான். பிலோமினா ஒரு நாளும் தவறாமல் வந்தாள், ஒரேயொரு நாளைத் தவிர. அன்றைக்கு அவளுக்குக் கடும் காய்ச்சல். நான் ஏதோ கேட்க அந்த வகுப்புக்குப் போயிருந்தேன். மாஸ்டர் குனிந்து பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பிலோமினா."

"இருக்கிறன், ஐயா."

கட்டைக் குரல். பார்த்தால் அவளுடைய இடத்தில் அந்தோனியண்ணை. குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார். ஆள் குறைந்தால் வகுப்பை மூடிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்களாம். விடியக் கடலுக்குப் போகாமல் வந்துவிட்டார். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் செல்லையா மாஸ்டரைப் பார்த்தேன். ஒழுங்கு, ஒழுங்கு என்று உயிரை விட்ட மனிதர். தலை நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தி அந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். பிறகு பிலோமினாவின் பெயருக்கு நேரே வரவு போட்டுவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.